முழுமையாக்கல்

எடிட்டர் சண்டைக்கு நான் வருவதில்லை.
சத்துவாச்சாரி மாடியறையில் மே மாதம் உட்கார்ந்தவனுக்கு
கறுப்புத் திரை ஸ்டைல் அல்ல,
வெள்ளைத் திரையிலிருந்தும் அனல் வருமோ
என்ற சந்தேகம்.
லேப்டாப்புக்கு அடியில்
குளியலறைக்கு வாங்கி மிஞ்சிய டைல்ஸ் இரண்டு.
தினமும் தண்ணீர் தெளித்துத் துடைத்து வைப்பேன்.

டேபா ஸ்பேஸா என்று கேட்கிறான் இம்தியாஸ்.
உள்தள்ளல் என்றால் எனக்குத் தெரிந்தது
பாகாயம் பஸ் கண்டக்டர் செய்வதுதான்.
அதில் நின்று வந்தவன்
நாலு இடைவெளிக்கெல்லாம் கோபப்பட மாட்டான்.

கிட் பிடிக்கும்.
முதல் வருஷம் முழுக்க அதைத் திட்டினேன், அது வேறு.
எந்த வரியை யார் எழுதினார்,
எந்த ராத்திரி, எத்தனை மணிக்கு,
ஒரே கட்டளையில் சொல்லிவிடும்.
மாநகராட்சியில் இது ஒன்று வேண்டும்.
எங்கள் தெருவைத் தோண்டியது
சாக்கடைக்காரரா கேபிள்காரரா குடிநீர்க்காரரா என்று
மூன்று மாதமாக மூன்று ஜன்னலில் கேட்டுவிட்டேன்.
குழி இருக்கிறது. கமிட் இல்லை.

ஆறு உண்டு தண்ணி இல்லை,
கோட்டை உண்டு ராஜா இல்லை,
மலை உண்டு மரம் இல்லை என்று
எங்கள் ஊரை வெளியூர்க்காரர்கள் கிண்டல் செய்வார்கள்.
போன வேலைக்காரன் விட்டுப்போன மாட்யூலைத் திறந்தபோது
நானும் ஒன்று சேர்த்துக்கொண்டேன்.
பதினோராயிரம் வரி உண்டு,
ஒரு கமெண்ட் இல்லை.

புது ஏஐ கருவியைப் பற்றிக் கேட்டால்,
நல்ல பையன்.
எதைக் கேட்டாலும் அருமையான கேள்வி என்கிறான்,
வாக்குப்பதிவுக்கு முந்தின வாரம்
கும்பிட்டபடி ஜீப்பில் வருகிறவர் மாதிரி.
ஆனால் ஒன்று, அவர்களைவிட வேகம்.
சொன்னதைச் செய்தும் விடுகிறான்.
அதுதான் பிரச்சினை.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனி,
அவர்கள் சம்பளக் கணக்கு எங்களுடையது.
டிக்கெட்டில் இரண்டே வரி:
தாமதத்தைப் பதினைந்து நிமிடமாக
மேல்நோக்கி முழுமையாக்கவும்.
ஒரு நிமிஷம் என்றாலும் பதினைந்து.
பதினாறு என்றால் முப்பது.
பையன் நாலு விநாடியில் எழுதினான்,
டெஸ்ட்டும் எழுதினான்,
எல்லாம் பச்சை.

பழைய தரவில் ஓட்டிப் பார்த்தேன்.
ஒரு செவ்வாய்க்கிழமை
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்
எட்டு மூன்றுக்கும் எட்டு ஐந்துக்கும் நடுவில் விரல் வைத்திருக்கிறார்கள்.
குணவதி, ஷமீம், தஸ்லீமா, பச்சையம்மாள்...
இத்தனை பேர் சேர்ந்து அயர்ந்து தூங்க முடியாது.
அந்த ரயில்வே கேட் எனக்குத் தெரியும்.
கூட்ஸ் வண்டி வந்தால் கம்பெனி பஸ்ஸும் நிற்கும்,
நானும் பைக்கில் நின்றிருக்கிறேன்,
வெள்ளரிப் பிஞ்சு வாங்கித் தின்று முடிக்கும்வரை.

தலைக்குப் பன்னிரண்டரை ரூபாய்.
மொத்தம் இரண்டாயிரத்து அறுநூற்று ஐம்பது.
எங்கள் டீம் லஞ்சுக்கு இதைவிட அதிகம் ஆகிறது.

கீழ்நோக்கி முழுமையாக்கினால் என்ன என்று
காலில் கேட்டேன். ஒரே ஒரு சொல் மாற்றம்தான்.
சுபத்ரா மேடம் மியூட்டை எடுத்துச் சொன்னார்:
"ஸ்பெக்ல இருக்கறத செய்ப்பா,
ஆபீஸ்ல அரசியல் வேணாம்."
இம்தியாஸ் கட்டைவிரல் போட்டான்.
யாருக்குப் போட்டான் என்று இதுவரை கேட்கவில்லை.

டீக்கடையில் கூட்டணி பேசுவேன்,
எந்தக் கட்சிக்கு எந்தத் தொகுதி என்று
மேல்விஷாரம் வரைக்கும் பிரித்துக் கொடுப்பேன்.
அதை யாரும் அரசியல் வேணாம் என்றதில்லை.

கடைசியில் வீரமாக ஒன்றும் செய்யவில்லை.
பதினைந்தை வெளியே எடுத்து
அமைப்புக் கோப்பில் ஒரு எண்ணாக வைத்தேன்.
பக்கத்தில் ஒரு கமெண்ட்:
இதை ஒன்று என்றும் வைக்கலாம்.
அந்த மாட்யூலின் முதல் கமெண்ட்.
யார் படிக்கப் போகிறார்கள்.

பிறகு சும்மா, கை அரித்து,
அந்த வரியை எழுதியது யார் என்று
கிட்டைக் கேட்டேன்.
பையன் பெயர் இல்லை. மேடம் பெயர் இல்லை.
என் பெயர், இனிஷியலோடு,
இரவு பதினொன்று ஐம்பத்திரண்டு.

நாளை ஒன்பதரைக்கு மீட்டிங்.
எப்போதும் போல் பத்து நிமிஷம் கழித்துத்தான் சேர்வேன்.
நெட்வொர்க் என்பேன்.